சென்னைக் காற்றை எங்கே, எப்படி அளக்கிறார்கள்?

சென்னையில் ஒரு நாள் காற்றில் பி.எம். 2.5 என்னும் நுண்துகள் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலி அன்றைய காற்றுத் தரக் குறியீட்டை 100 என்று காட்டும். நிறம் வெளிர்பச்சை, தரம் 'திருப்திகரம்'. அமெரிக்க முறைப்படி கணக்கிடும் வேறொரு செயலியைத் திறந்தால் அதே காற்றுக்கு 150க்கு மேல் எண் வரும். நிறம் சிவப்பு, உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். இரண்டு செயலிகளும் பொய் சொல்லவில்லை. காற்றில் இருக்கும் துகளின் எடை ஒன்றுதான். எவ்வளவு எடை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று அந்தந்த அரசு போட்ட கோடுதான் வேறு.

இந்தியா 2009இல் வகுத்த தரத்தின்படி பி.எம். 2.5 ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரையும் ஆண்டுச் சராசரியாக 40 வரையும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலில் இவை முறையே 15, 5. ஆண்டுச் சராசரியில் எட்டு மடங்கு இடைவெளி. அந்த நிறுவனம் உடல்நலத்தை மட்டும் பார்த்து எண் சொல்கிறது. ஓர் அரசு தன் நாட்டுப் புழுதியையும் அடுப்பையும் ஆலையையும் பணத்தையும் சேர்த்துப் பார்த்து எண் சொல்கிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 'திருப்திகரம்' என்ற சொல்லைப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பேரம் தெரியாது.

தேசியக் காற்றுத் தரக் குறியீடு 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பி.எம். 10 என்னும் சற்றே பெரிய நுண்துகள், பி.எம். 2.5, நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம் என எட்டு மாசுகளுக்கும் தனித்தனியே துணைக் குறியீடு கணக்கிடுவார்கள். குறைந்தது மூன்றுக்காவது அளவீடு இருக்க வேண்டும். அதில் ஒன்று நுண்துகளாக இருக்க வேண்டும். எட்டுப் பாடம் எழுதிய மாணவனுக்குச் சராசரி போடாமல், ஆக மோசமாக எழுதிய பாடத்தின் மதிப்பெண்ணையே ரேங்க் அட்டையில் எழுதுவதைப் போன்றது இந்த முறை. எட்டில் எது மிக மோசமோ அதுதான் அந்த நிலையத்தின் அன்றைய குறியீடு. 50 வரை நல்லது, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதமானது, அதற்கு மேல் மோசம், மிக மோசம், கடுமை என்று 500இல் முடிகிறது. காற்று அதற்கு மேல் கெட்டாலும் எண் 500இலேயே நின்றுவிடும்.

ஒரு நிலையத்துக்குள் மிக மோசமானதைத் தேர்ந்தெடுக்கும் இதே முறை, ஊர் என்று வரும்போது மாறிவிடுகிறது. மத்திய வாரியம் நாள்தோறும் மாலையில் வெளியிடும் பட்டியலில் 'சென்னை' என்ற பெயருக்கு நேரே இருப்பது எல்லா நிலையங்களின் சராசரி. மணலியில் காற்று கெட்டு வேளச்சேரியில் நன்றாக இருந்தால், மொத்தச் சென்னையும் சுமாராக இருந்ததாகவே பதிவாகும். மறுநாள் செய்தித்தாளில் வருவதும் அந்தச் சுமார்தான்.

'சென்னைக்குக் கடல் இருக்கிறது, நமக்கென்ன கவலை' என்ற பேச்சு இந்தச் சராசரியிலிருந்துதான் பிறக்கிறது. டெல்லியோடு ஒப்பிட்டால் அது உண்மைதான். கடற்காற்று தினமும் நகரத்தைக் கழுவிவிடுகிறது. இமயமலைச் சுவரும் குளிர்காலக் காற்றுத் தேக்கமும் இங்கே இல்லை. ஆனால் 2024 ஜூலையில் லான்செட் குழுமத்தின் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு இந்த நிம்மதியைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தது. சென்னை உட்பட 10 இந்திய நகரங்களில் 2008 முதல் 2019 வரையிலான இறப்புப் பதிவுகளை நுண்துகள் அளவோடு ஒப்பிட்ட ஆய்வு அது. அந்த நகரங்களின் அன்றாட இறப்புகளில் 7.2 விழுக்காடு, உலக சுகாதார நிறுவனத்தின் 15 மைக்ரோகிராம் வரம்பைத் தாண்டிய நுண்துகளோடு தொடர்புடையது என்று கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 33,000 பேர். டெல்லியின் பங்கு அதிகம் என்பதில் வியப்பில்லை. துகள் அளவு சிறிது கூடும்போது இறப்பு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தபோதுதான் எதிர்பாராத செய்தி கிடைத்தது: பெங்களூரு, சென்னை, சிம்லா போன்ற ஒப்பீட்டளவில் தூய்மையான ஊர்களில்தான் அந்த ஏற்றம் செங்குத்தாக இருந்தது. இந்தியத் தரத்துக்கு உட்பட்ட அளவுகளிலேயே பாதிப்பு தொடங்கிவிடுகிறது என்பதுதான் இதற்குப் பொருள்.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன? மத்திய அரசின் காற்றுக் கண்காணிப்பு 1984இல் தொடங்கியது. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இலேயே வந்துவிட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. அன்று தொடங்கிய கைமுறை அளவீடு இன்றும் நடக்கிறது. பள்ளிக்கூடம் அல்லது அரசு அலுவலகத்தின் மொட்டை மாடியில் காற்றை உறிஞ்சும் கருவி ஒன்று நிற்கும். அதில் எடை போட்ட வடிதாளைப் பொருத்தி, காற்றை இழுத்து, மீண்டும் எடை பார்ப்பார்கள். கூடிய எடை எவ்வளவோ அவ்வளவு துகள். வாரத்துக்கு இரண்டு நாள் என்ற கணக்கில் ஆண்டுக்கு 104 நாள் அளக்க வேண்டும் என்பது விதி. அதாவது மீதி 261 நாளின் காற்று அந்த இடத்தில் யாராலும் அளக்கப்படுவதில்லை. ஆண்டுச் சராசரிக்கு இது போதும்; நேற்று இரவு ஏன் மூச்சு முட்டியது என்று கேட்டால் இதில் பதில் கிடைக்காது.

அதற்காக வந்தவைதான் தானியங்கி நிலையங்கள். குளிரூட்டப்பட்ட சிறு அறைக்குள் வரிசையாகக் கருவிகள். நுண்துகளை அளக்கும் கருவியில் ஒரு நாடா நகர்ந்துகொண்டே இருக்கும். அதில் படியும் துகளின் ஊடாகப் பீட்டாக் கதிரைச் செலுத்தி, எவ்வளவு கதிர் தடைபட்டது என்பதிலிருந்து எடையைக் கணக்கிடும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு வாரியத்துக்குப் போய்விடும். ஒரு நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் அளவில் செலவாகும் என்பதால் இவை எண்ணிக்கையில் குறைவு. ஆலந்தூர் பஸ் பணிமனை, வேளச்சேரி, அரும்பாக்கம், பெருங்குடி, ராயபுரம், கொடுங்கையூர், மணலி, எண்ணூர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 426 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாநகராட்சிக்கு இவ்வளவுதான். கிண்டி, கோயம்பேடு போன்ற நெரிசலான சந்திப்புகளில் பஸ்ஸுக்காக நிற்கிறவர் இழுக்கும் காற்று, சில கிலோமீட்டர் தள்ளி ஒரு கூரையின் மேல் அளக்கப்பட்ட காற்றிலிருந்து ஊகிக்கப்படுகிறது.

இந்தப் பட்டியலில் வடசென்னைக்குப் பங்கு குறைவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே சிக்கல் நிலையங்களின் எண்ணிக்கையில் இல்லை. எதை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. மணலியில் 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதைச் சுற்றி உர ஆலை, பெட்ரோ ரசாயன ஆலைகள்; வடக்கே எண்ணூர் கழிமுகத்தையொட்டி வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள், நிலக்கரி இறக்கும் துறைமுகம், சாம்பல் குட்டைகள். 2009இலேயே மத்திய வாரியம் மணலியை மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. சுத்திகரிப்பு ஆலைப் பகுதியில் கவலைப்பட வேண்டிய முதல் வாயுக்களில் ஒன்று பென்சீன், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. 2009ஆம் ஆண்டின் தேசியத் தரப் பட்டியலில் 12 பொருள்கள் உண்டு. பென்சீன் அதில் இருக்கிறது, ஆண்டுக்கு 5 மைக்ரோகிராம் என்ற வரம்புடன். ஆனால் தினமும் மக்கள் பார்க்கும் குறியீட்டின் எட்டில் அது இல்லை. மணலியில் பென்சீன் எவ்வளவு கூடினாலும் செயலியின் நிறம் மாறாது.

இன்னொரு சிக்கல் நேரம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன்பு, எண்ணூரில் ஓர் உர ஆலைக்குக் கடலடிக் குழாய் வழியே கொண்டுவரப்படும் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக இருட்டில் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாயிலருகே காற்றில் அம்மோனியா 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. வரம்பு 400. ஆனால் அந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. ஒரு மணி நேரம் மட்டும் 2,000க்கு மேல் போய்விட்டு, மற்ற நேரங்களில் காற்று தெளிவாக இருந்தால் அன்றைய சராசரி 100ஐக்கூடத் தொடாது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இரவில் வரும் வாயு நாற்றம் பற்றிய புகார்கள் காகிதத்தில் அழுத்தம் பெறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்றம் இருபது நிமிடம் வரும், போகும். பதிவேடு நாள் கணக்கில் பேசும்.

அளவீட்டுக்கும் அரசு நடவடிக்கைக்கும் உள்ள உறவு எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு அனல்மின் நிலையங்களின் கதையைவிட நல்ல சான்று கிடைக்காது. நிலக்கரி எரியும்போது வெளிவரும் கந்தக டை ஆக்சைடைப் புகைபோக்கியிலேயே பிடித்துவிடும் கந்தக நீக்கக் கருவியைப் பொருத்தச் செய்யும் உமிழ்வு வரம்புகளை மத்திய அரசு 2015 டிசம்பரில் கொண்டுவந்தது. கெடு இரண்டு ஆண்டு. பிறகு 2022, பிறகு 2024, கடைசியாக 2027 முதல் 2029 வரை என்று கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2025 ஜூலையில் நாட்டின் அனல்மின் நிலையங்களில் ஏறத்தாழ 78 விழுக்காட்டுக்கு இந்தக் கட்டாயத்திலிருந்தே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். டெல்லித் தலைநகர வட்டாரத்துக்கோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை மட்டும் 2027 டிசம்பருக்குள் பொருத்தியாக வேண்டும்.

விலக்குக்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணங்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாட்டின் பெரும்பாலான இடங்களில் காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது. அளவீடுகளைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் அந்த வாயு வெகுநேரம் வாயுவாக இருப்பதில்லை. காற்றோடு பயணம் செய்யும்போதே வேதிவினைகளில் சல்பேட் துகளாக மாறி, பல கிலோமீட்டர் தள்ளி வேறோர் ஊரின் பி.எம். 2.5 கணக்கில் சேர்ந்துவிடுகிறது. புறப்பட்ட இடத்தில் வாயுவாக அளந்தால் குறைவு. போய்ச்சேரும் இடத்தில் துகளாக அளந்தால் அதிகம். அங்கே அதற்குப் பெயர் 'வாகனப் புகை', 'புழுதி' என்று ஏதோ ஒன்றாகிவிடும். கருவிக்கு ஆகும் செலவும், இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பதும் உண்மையான வாதங்கள்தான். அவற்றை வைத்து விலக்குக் கொடுத்திருந்தால் எதிர்வாதமாவது நேராக இருந்திருக்கும்.

தேசியத் தூய காற்றுத் திட்டமும் இப்படி ஒரு எண்ணிடம் மாட்டிக்கொண்டதுதான். 2019 ஜனவரியில் தொடங்கியபோது 2017ஆம் ஆண்டு அளவிலிருந்து பி.எம். 10, பி.எம். 2.5 இரண்டையும் 2024க்குள் 20 முதல் 30 விழுக்காடு குறைப்பது இலக்கு. பிறகு அது 2025-26க்குள் 40 விழுக்காடு என்று உயர்த்தப்பட்டது. திட்டத்தில் ஏறத்தாழ 130 நகரங்கள்; தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. ஐந்தாண்டு தொடர்ந்து தரத்தை எட்டாத ஊர்களோடு, பதினைந்தாவது நிதிக் குழுவின் மானியம் பெறும் பெருநகரங்களும் இதில் சேர்ந்துகொண்டன. மாநகராட்சிகளுக்குக் காற்றுக்கென்று தனியே பணம் வந்தது இதுவே முதல் முறை என்று சொல்லலாம். அது பெரிய மாற்றம். ஆனால் யார் நன்றாகச் செய்தார்கள், யாருக்கு அடுத்த தவணை என்று முடிவு செய்ய எடுத்துக்கொண்ட அளவுகோல் பி.எம். 10 மட்டும்.

பி.எம். 10 பெரும்பாலும் தெருப்புழுதி, கட்டுமானத் தூசி. அதன் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் மேல்மூச்சுக் குழாயிலும் தங்கிவிடும். நுரையீரலின் அடிவரை இறங்கி இரத்தத்தில் கலக்கக்கூடியது பி.எம். 2.5, தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அது புழுதியில் இருப்பதைவிட எரிபொருள் எரியும் இடங்களிலிருந்துதான் அதிகம் வருகிறது. பரிசு பி.எம். 10க்கு என்றால் ஒரு மாநகராட்சி ஆணையர் என்ன செய்வார்? சாலையைப் பெருக்கும் இயந்திரம் வாங்குவார், தண்ணீர் தெளிக்கும் லாரி வாங்குவார், நடைபாதை போடுவார். நடந்தது அதேதான். டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் கணக்குப் பார்த்தபோது, செலவிட்ட பணத்தில் 64 விழுக்காடு சாலைப் புழுதிக்குப் போயிருந்தது. வாகனங்களுக்கு 12.63 விழுக்காடு, சருகும் விறகும் எரிப்பதைத் தடுக்க 14.51 விழுக்காடு. தொழிற்சாலைகளுக்கு 0.61 விழுக்காடு. அந்த ஆணையரைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆலைப் புகைபோக்கி அவர் அதிகாரத்தில் இல்லை; துடைப்பம் இருக்கிறது.

டெல்லியில் இதைவிடக் கூத்து நடந்தது. 2021இல் 24 மீட்டர் உயரத்தில் புகைமூட்டக் கோபுரங்கள் எழுப்பினார்கள், ஒவ்வொன்றும் 20 கோடி ரூபாய்க்குக் குறையாத செலவில். திறந்த வெளியில் காற்றை வடிகட்டும் யோசனை. கோபுரத்தைவிட்டுச் சற்று விலகியதும் பலன் கரைந்துவிட்டது. அதே நகரத்தில்தான் நாட்டின் மிகத் துணிச்சலான நடவடிக்கையும் நடந்தது என்பதை மறக்கக்கூடாது: 1998இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட, 2002 முடிவுக்குள் டெல்லியின் பஸ்களும் ஆட்டோக்களும் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. கண்ணெரிய வைத்த டீசல் கரும்புகை குறைந்தது. அடுத்த பத்தாண்டில் பெருகிய கார்கள் அந்த லாபத்தை விழுங்கிவிட்டன. ஆனாலும் புகை புறப்படும் இடத்தில் கை வைத்தால் பலன் தெரியும் என்று காட்டிய முயற்சி அது. இப்போது அங்கே நடைமுறையிலுள்ள படிநிலைத் திட்டம் குறியீட்டின் எண்ணைப் பார்த்து நடவடிக்கையைக் கூட்டுகிறது. 450ஐத் தாண்டினால் வெளியூர் லாரிகளுக்குத் தடை. 2024 நவம்பரில் குறியீடு எல்லை தாண்டிய பிறகும் உடனே செயல்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. எண் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்ததன் விளைவு.

சென்னையில் வாரியம் மிக அக்கறையாக அளக்கும் நாள்கள் இரண்டு: தீபாவளியும் போகியும். தீபாவளிக்கு தி.நகர், சௌகார்பேட்டை, திருவல்லிக்கேணி, நுங்கம்பாக்கம், பெசன்ட் நகர் எனப் பல இடங்களில் காற்றும் ஒலியும் அளக்கிறார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் வெடி வெடிக்க இரண்டு மணி நேரம் என்று வரம்பிட்டபோது, விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடிக்கும் தமிழ்நாட்டு வழக்கத்துக்கு இரவு 8 முதல் 10 என்பது ஒத்துவரவில்லை. மாநிலம் மனுச் செய்து, காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டது. அந்த நேரத்தை யார் கடைப்பிடிக்கிறார்கள் என்பது ஒவ்வொரு தெருவுக்கும் தெரியும்.

போகியின் கதை மேலானது. மார்கழிக் கடைசி, காற்று அசையாத விடியல், பனி. அதில் டயரும் பிளாஸ்டிக்கும் எரித்த புகை. 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் ரத்தாயின, வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அதன் பிறகு வாரியம் மாநகராட்சியின் 15 மண்டலங்களிலும் அளந்து அன்றே எண்ணை வெளியிடுவதும், பள்ளிகளில் பிரசாரமும், பழைய துணியையும் டயரையும் மாநகராட்சி வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொள்வதும் வழக்கமாயின. மண்டலத்துக்கு மண்டலம் அளவு, அன்றே அறிவிப்பு, எரிப்பதற்கு மாற்று வழி. இம்மூன்றும் சேர்ந்து வருவது ஆண்டுக்கு ஒரே ஒரு நாளைக்கு மட்டும். கருவியும் ஆளும் இல்லாமலா மணலிக்கு இதைச் செய்யாமல் இருக்கிறார்கள்?

மெல்ல நடக்கும் வேலைகளில் நம்பிக்கை தருவது போக்குவரத்து. 2015 ஜூனில் ஆலந்தூர்–கோயம்பேடு இடையே தொடங்கிய மெட்ரோ, இப்போது இரண்டாம் கட்டத்தில் நகரத்தையே தோண்டிப்போட்டுக் கொஞ்சம் புழுதியையும் கூட்டிக்கொண்டிருக்கிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற வாகனப் புகை விதி வந்தபின் விற்கப்படும் வாகனங்கள் பழையவற்றைவிட மிகக் குறைவாகவே புகை விடுகின்றன. பழையவை சாலையைவிட்டுப் போக இன்னும் ஆண்டுகள் ஆகும். 2025 ஜூன் 30 அன்று மாநகர் போக்குவரத்துக் கழகம் 120 மின்சார பஸ்களை இயக்கத் தொடங்கியது. 625 பஸ்கள் வர வேண்டிய திட்டத்தின் முதல் பங்கு இது. பணிமனை வியாசர்பாடியில். நகரத்தின் முதல் மின்சார பஸ்கள் தென்சென்னையின் தகவல் தொழில்நுட்பச் சாலையிலிருந்து கிளம்பாமல் வடசென்னையிலிருந்து கிளம்பியது பாராட்டத்தக்கது.

அதே வியாசர்பாடிக்குப் பக்கத்தில்தான் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றை மாநகராட்சி திட்டமிட்டிருக்கிறது. 2025இல் சுற்றுவட்டார மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். நவீனத் தொழில்நுட்பம், புகை கட்டுக்குள் இருக்கும் என்கிறது மாநகராட்சி. பிளாஸ்டிக் கலந்த குப்பை சரியான வெப்பத்தில் எரியாவிட்டால் பிறக்கும் டயாக்சின் என்னும் நச்சு, தேசியத் தரப் பட்டியலின் 12 பொருள்களில் இல்லை. குறியீட்டின் எட்டிலும் இல்லை. அங்கேயே இருக்கும் கண்காணிப்பு நிலையம் அதைக் காட்டப்போவதில்லை. எனவே ஆலைக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்பே, புகைபோக்கியில் என்னென்ன அளக்கப்படும், எத்தனை நாளுக்கு ஒருமுறை, அந்த எண்கள் எழில் நகரிலும் கண்ணதாசன் நகரிலும் குடியிருப்பவர்கள் கண்ணில் எங்கே படும் என்பதை நிபந்தனையாக எழுதிவைக்க வேண்டும்.